டன்மோர் வீதியின் பஞ்சாலை

இன்று சிட்னியின் பெண்டில் ஹில் ரயில் நிலையத்தில் இறங்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அது கடைகளின் ஊர். ஒடியல் மா, குத்தரிசி, கறிக்கேற்ற மீன், கறிவேப்பிலை, நகை, சேலை எல்லாம் நாலடி நடந்தால் கிடைக்கும். நான் அங்கே குடிவந்த 1980களின் கடைசியில் அது ஆலையின் ஊர். டன்மோர் வீதியில் நீண்டு கிடந்த பொண்ட்ஸ் ஆலையை வைத்துத்தான் எல்லாரும் வழி சொன்னார்கள். வீடு எங்கே என்றால், ஆலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே அடுத்த கேள்வி.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்த ஜோர்ஜ் பொண்ட், 1915 இல் சிட்னியில் காலுறை இறக்குமதி வியாபாரம் தொடங்கியவர். பிறகு தானே உற்பத்தியில் இறங்கி, 1923 இல் நகரத்துக்கு மேற்கே 30 கிலோமீற்றர் தள்ளி, தோட்டங்களுக்கு நடுவே பருத்தி நூற்பாலையை எழுப்பினார். அடுத்த ஆண்டே ரயில் நிலையம் வந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை நாட்டில் இருக்கும் குன்றொன்றின் பெயரை அவரே இந்த இடத்துக்கு இட்டார் என்பார்கள். சில ஆண்டுகளில் கடன் முற்றி நிறுவனம் அவர் கையை விட்டுப் போனது. பெயர் மட்டும் நிலைத்தது. 1938 இல் பிறந்த 'செஸ்ரி பொண்ட்' என்ற அகன்ற தாடைக்காரச் சித்திர நாயகன், கையில்லாப் பெனியனை இந்த நாட்டு ஆண்களின் உடையாகவே ஆக்கிவிட்டான்.

எனக்கு ஆலை என்றால் பக்கத்து வீட்டு அம்மாதான். மால்ட்டாத் தீவிலிருந்து கப்பலில் வந்தவர். அவருடைய வேலை பெனியனுக்குக் கழுத்துப் பட்டி பிடிப்பது. பட்டித் துணியைக் கூட இழுத்தால் கழுத்து சுருங்கிப்போகும், தளர விட்டால் நெளிந்து நிற்கும். அந்த இழுவையை அளக்கக் கருவி எதுவும் இல்லை, இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் கணக்கு. ஒருநாள் வேலியோரம் என்னை நிறுத்தி, நான் போட்டிருந்த பெனியனின் கழுத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தார். நல்ல கை என்றார். தைத்தவள் யாரென்று தெரிந்ததுபோல அத்தனை சந்தோஷம் அவர் முகத்தில்.

துணி கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சின்னச் சீட்டு. கட்டு முடிந்ததும் சீட்டைக் கிழித்துத் தாளில் ஒட்டவேண்டும். சம்பளம் அந்தச் சீட்டுக் கணக்கில். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குசினி மேசையில் தாளை விரித்து அவர் கணக்குப் பார்ப்பது எங்கள் யன்னலிலிருந்து தெரியும். வேலை விட்டு வருகையில் தலைமயிரில் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் தறியோடு வாழ்ந்த மாமி ஒருவரை அந்தத் தூசில் நான் கண்டேன்.

அப்போது ஆலையைச் சுற்றி எங்கும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்துக் கல்நார்த் தகட்டு வீடுகள். முன்னால் புல், பின்னால் பெரிய வளவு, நடுவில் சுழலும் உடுப்புக் கொடி. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் ஆட்கள் முதலில் ஹோம்புஷ் பக்கம் ஒதுங்கி, வீடு வாங்க வழி தேடி மேற்கே நகர்ந்தார்கள். வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி என்று பரவியது அப்படித்தான். சனிக்கிழமைகளில் கடன்வாங்கிய பள்ளி வகுப்பறைகளில் பிள்ளைகள் அகரம் எழுதினார்கள். கோயிலுக்கென்றால் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வரை காரோட்டம். மேஸ் ஹில்லில் 1999 இல் முருகன் எழுந்தருளும்வரை அதுதான் நடைமுறை. தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோக் கசற்றைத் திங்கட்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஊருக்குப் போகிற ஒவ்வொருவரின் பெட்டியிலும் பொண்ட்ஸ் பெனியன் இருக்கும்.

நான் நட்ட கறிவேப்பிலைக் கன்றை ஜூலை மாதத்து உறைபனி கருக்கிவிடாமல் காத்தவர் அந்த மால்ட்டா அம்மா. பழைய படுக்கை விரிப்பை இரவில் போர்த்தி, விடிய எழும்பி எடுத்துவிடுவார். அந்த இலையை அவர் சமையலுக்குச் சேர்த்ததே இல்லை.

2009 பெப்ரவரியில் செய்தி வந்தது. பொண்ட்ஸை அப்போது வைத்திருந்த பசிபிக் பிராண்ட்ஸ் நிறுவனம், உள்நாட்டு ஆலைகளை மூடித் தையலை வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. மொத்தம் 1,850 பேருக்கு வேலை போயிற்று. கூலி குறைவான நாட்டில் தைத்தால் மலிவு என்ற கணக்கு எனக்கும் விளங்கும். முப்பது வருஷம் விரலில் படிந்த ஒரு வித்தையை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை. 2016 இல் எங்கள் ஹொல்ரோய்ட் நகரசபையும் இணைப்பில் மறைந்து, கம்பர்லாந்து என்ற புதுப் பெயர் வந்தது. ஆலை வளவில் இப்போது அடுக்குமாடிகள். ஆலையின் முகப்பும் சில பழைய கட்டடங்களும் மரபுச் சின்னப் பட்டியலில் இருக்கின்றன. கல்லுக்குப் பட்டியல் இருக்கிறது, கைகளுக்கு இல்லை.

எழுத்தாளர் எஸ்.பொ. தன் யாழ்ப்பாணத்து இளமையை 'நனவிடை தோய்தல்' என்று எழுதிவைத்தார். அவர் கண்மூடியது 2014 இல் இதே சிட்னியில். ஊர் நினைவில் தோய்வது எங்களுக்குக் கைவந்தது. வாழ்நாளில் பாதிக்கு மேல் கழிந்த இந்த ஊரும் எங்கள் ஊர்தான், அதற்கும் அந்தத் தோய்தல் கடமையாகிவிட்டது. ஆலையில் வேலைசெய்த தமிழர், மால்ட்டாக்காரர், இத்தாலியர் பலர் இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள், வயது ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய சம்பளச் சீட்டோ ஆலை வாசலில் எடுத்த குழுப்படமோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். கம்பர்லாந்து நகரசபை நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் கொண்டுபோய்க் கொடுங்கள், படத்தில் நிற்பவர்களின் பெயர்களைப் பின்னால் எழுதி.