ஏறுவதெல்லாம் பொருந்துவதல்ல

மாத்தளை திருகோணமலை வீதியிலிருந்து இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது அந்த கராஜ். நான் போனபோது, 1950களின் மொரிஸ் மைனர் ஒன்று சக்கரங்கள் இல்லாமல் கட்டைகள் மேல் நின்றது. பெயின்ட் வேலை முடிந்து பளபளத்தது. மெக்கானிக் பாஸின் கண்ணோ பால்மா டின்களில் தரம் பிரித்துப் போட்டிருந்த போல்ட், நட்டுகளிலேயே இருந்தது.

"வண்டி இங்கிலீஷ். போல்ட்டு பாதி ஜப்பான்" என்றார்.

எப்படி வந்தது இந்தக் கலப்பு? 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரை அளவுக்கு உடன்பட்டன. அதில் பிறந்த யூனிஃபைட் மரைகளில் ஒன்றான யூ.என்.எஃப்.தான் அக்காலத்து மைனரில் பெரும்பாலும் இருக்கும். அதற்கு முந்திய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த்தும் பி.எஸ்.எஃப்.பும். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின் ஜப்பான் வண்டிகள் பெருகின. மில்லிமீட்டர் போல்ட்டுகளும் கூடவே வந்தன. ஒரு போல்ட் தொலைந்தால் கையில் இருந்ததைப் பூட்டி ஓட்டினார்கள். ஓடியதால் யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய காரணத்தைப் பாஸ் கையில் வைத்தே காட்டினார். 5/16 அங்குல யூ.என்.எஃப். நட் ஒன்றில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டைச் செருகித் திருகினார். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நட்டில் அங்குலத்துக்கு 24 மரை, போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.25 மில்லிமீட்டர். கொஞ்சம் ஏறியது, பிறகு இறுகிவிட்டது.

"இந்த எடத்துல ஸ்பேனர் போட்டு அமுக்குனா இன்னும் ஏறும் சேர். இறுகிடுச்சுன்னு நெனப்போம். பிடிச்சிருக்கிறது ஒண்ணு ரெண்டு மரைதான்."

அதனால் அவர் முதலில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, மரைக் கேஜை. அதன் பல் வரிசை மரையில் வெளிச்சம் விடாமல் உட்கார்ந்தால்தான் சம்மதம். பழைய போல்ட்டின் தலையில் வட்டப் பள்ளமோ, பக்கத்தில் கோத்த வட்டங்களோ இருந்தால் அது யூனிஃபைட் மரை. ஸ்பேனரிலும் கவனம் வேண்டும்: அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் தளர்வாகப் பொருந்தி, முனைகளை மழித்துவிடும்.

மரை சரியானால் போதாது, பலமும் வேண்டும். தலையில் மூன்று கோடு என்றால் கிரேட் 5, ஆறு கோடு என்றால் கிரேட் 8. மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8 என்று எண்ணே இருக்கும். ஒன்றுமே இல்லாததை இருக்கைக்கும் மட்கார்டுக்கும் ஒதுக்குகிறார். துருப்பிடிக்காது என்று சிலர் ஸ்டெயின்லெஸ் கேட்பார்களாம். வழக்கமான ஸ்டெயின்லெஸ் 8.8 அளவுக்குப் பலமில்லை. இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கவும் செய்யும். அலங்காரப் பட்டிக்குச் சரி, ஸ்டியரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் கூடாது என்பது அவர் கட்டளை.

சஸ்பென்ஷனிலிருந்து கழற்றிய ஒரு போல்ட்டைக் காட்டினார். தலை முதல் நுனிவரை மரை. அது நின்ற துளையின் சுவரில் மரையின் தடம் வரிவரியாகப் பதிந்து, வட்டத் துளை நீள்வட்டமாகியிருந்தது. பாரம் தாங்கும் இடத்தில் மரையில்லாத வழுவழுப்பான தண்டுதான் நிற்க வேண்டும். அப்படியான நீளம் கிடைக்காவிட்டால், தண்டு நீண்ட போல்ட்டை வாங்கி நுனியில் மிஞ்சியதை வெட்டுகிறார். நைலான் வளைய நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் மறுபடி போடுவதில்லை.

மாத்தளையில் கிடைக்காததற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏற வேண்டும். மாதிரிக்குப் பழையதைக் கடதாசியில் சுற்றி, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, உதவியாள் பையன் கொண்டுபோவான். நல்ல நிலையிலிருக்கும் அசல் போல்ட்டுகளை பாஸ் தூக்கி எறிவதில்லை. துலக்கி அதே இடத்தில் பூட்டுகிறார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெயின்ட்டுக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். பில்லில் போல்ட் ஒரு வரிதான். "அது சின்னக் காசு சேர். ஒவ்வொண்ணா அளந்து தேடுறதுக்குத்தான் கூலி. அதை எழுதினா, போல்ட்டுக்கா இவ்வளவு என்பாங்க" என்றார் பாஸ். நானாக இருந்தால் அந்தக் கூலியை முதல் வரியில் எழுதுவேன்.