மகளுக்கு வாங்கிய கீபோட்

சத்தம் என்றால் எனக்குப் பயம். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். 1990இல் வயலுக்குப் போன எங்கள் வாப்பா திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு ஹெலியின் இரைச்சல் கேட்டால் நாங்கள் தறிக்குழிக்குள் இறங்கிக் குந்திக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்கள் போன அந்தக் காலையில் எங்கள் உம்மாவும் தங்கச்சியும் போனார்கள். அன்று தொடக்கம் கடல் பக்கத்து ஜன்னலை நான் இரவில் திறந்ததில்லை.

அப்படிப்பட்ட என்னிடம்தான் என் மகள், “உம்மா, எனக்கொரு கீபோட் வேணும்” என்று கேட்டாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். சாய்ந்தமருதில் இருக்கும் என் காக்காவின் மகன் கிற்றார் பழகியிருந்தான். அவனோடு சேர்ந்து இசை செய்ய வேண்டும் என்பது அவளது ஆசை. “பாட்டு வாசிக்கிற கீபோட் இல்ல உம்மா. சத்தத்த நாமளே செய்யிற கீபோட்” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனில் போட்டுக் காட்டினாள். பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழு 1975இல் வெளியிட்ட இசைத்தட்டு. றொக் என்றால் கத்தலும் அடியும் என்றுதான் நினைத்திருந்தேன். இது அப்படியில்லை. முதலில் ஒரு நீண்ட சத்தம் மெல்ல மெல்லப் பரவுகிறது. வெகுநேரம் கழித்தே கிற்றார் வருகிறது. நான் மருதமுனையில் தறி நெய்பவள். கேட்டவுடன் எனக்குப் பாவு விரிப்பதுதான் ஞாபகம் வந்தது. கீபோட் பாவு விரித்துக் கொடுக்கிறது. கிற்றார் ஊடையாக ஓடுகிறது. அந்தக் குழுவில் அப்படிப் பாவு விரித்தவர் றிச்சட் றைட் என்பவர், 2008இல் காலமானார் என்று மகள் சொன்னாள்.

இதற்கு முன்னர் ஒரு தரம் ஏமாந்திருக்கிறோம். பழைய சாமான் கடையொன்றில் ஜப்பானிலிருந்து வந்த சிறிய கீபோட் ஒன்றை மலிவாக வாங்கினேன். அதனுடைய அடப்டர் 100 வோல்ட்டுக்குரியது. எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சொருகியதும் புகை வந்தது. கடைக்காரர் பொறுப்பெடுக்கவில்லை. மூன்று சாரன் நெய்த கூலி அத்தோடு போனது. அதனால் இந்தத் தடவை கேட்டு விசாரித்துத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தோம்.

கல்முனை பஸாருக்குப் போனோம். கடையிலிருந்த தம்பி பொறுமையானவர். 61 கட்டைகள் உள்ள கசியோ, யமஹா கீபோட்களை எடுத்து வைத்தார். ஒரு பொத்தானை அமத்தினால் மேளமும் தாளமும் தானாக வாசிக்கின்றன. புல்லாங்குழல், வயலின், பியானோ என்று நூற்றுக்கணக்கான சத்தங்கள் உள்ளே இருக்கின்றன. ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிறது. பாட்டுப் பழக விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல கருவி. மகள் ஒரு சத்தத்தைத் தெரிவு செய்து, “இது மெதுவா ஆரம்பிக்கணும், கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நிக்கணும். அப்படி மாத்தலாமா?” என்று கேட்டாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “அப்படியெண்டா உங்களுக்கு வேணுங்கிறது சிந்தசைசர், தங்கச்சி” என்றார்.

அன்றுதான் வித்தியாசம் எனக்கு விளங்கியது. கடையில் பார்த்த கீபோட், நெய்து முடித்த துணிகளை அடுக்கி வைத்த கடையைப் போன்றது. சிந்தசைசர், தறியைப் போன்றது. நூலையும் நிறத்தையும் நாங்களே தீர்மானிக்கலாம்.

கட்டாரில் இருக்கும் என் தம்பியிடம் சொன்னோம். அவன் பாவித்த கருவி ஒன்றை அங்கே விலைக்குக் கண்டுபிடித்தான். கோர்க் கம்பனி 2002இல் வெளியிட்ட மைக்ரோகோர்க். சீட்டுக் காசு எடுத்தேன். மீதியைத் தம்பி போட்டான். வந்த பெட்டியைத் திறந்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. 37 சிறிய கட்டைகள்தான். ஸ்பீக்கரும் இல்லை. ஹெட்போன் அல்லது அம்ப்ளிபயர் மாட்டித்தான் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் மட்டும் ஒலிக்கும். ஐந்தாவது கட்டையை அமத்தினால் முன்னர் அமத்தியதில் ஒன்று நின்றுவிடும். கடையில் பார்த்தவற்றிலோ 48 சுரங்கள் வரை ஒலிக்கும்.

“நாலு காணும் உம்மா” என்றாள் மகள். மெதுவான இசைக்கு நான்கு சுரம் போதுமாம். அதைவிட, கருவியின் மேலே இருக்கும் ஐந்து குமிழ்கள்தான் முக்கியமாம். ஒன்று சத்தத்தைத் தெளிவாக்கும் அல்லது மங்கலாக்கும். ஒன்று சத்தம் எவ்வளவு மெதுவாக எழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இன்னொன்று, கையை எடுத்த பின் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இன்னொரு வசதியும் இருந்தது. ஆறு சிறிய பற்றரிகளில் வேலை செய்யும். 2022இல் நாள் கணக்காக மின்வெட்டில் இருந்த எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்த வீட்டு மாமி வந்தார். “என்ன புள்ள, வீட்டுக்குள்ள வாத்தியம் வந்திரிக்காம்? பொம்புளப் புள்ளைக்கு எதுக்குகா இது?” என்றார். நான் விவாதிக்கவில்லை. றேடியோவில் நாகூர் ஹனீபா பாடினால் வாப்பா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பதும், கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தில் என்னைத் தோளில் வைத்து றபான் கேட்க வைத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. “பிள்ளை ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்கிறாள் மாமி. ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை” என்று மட்டும் சொன்னேன்.

ஒரு நாள் இரவு காக்காவின் மகன் தனது அம்ப்ளிபயரைக் கொண்டுவந்து மாட்டினான். நான் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கடல் வீட்டுக்குள் வந்தது. அலை இரைந்து எழுகிறது, உடைகிறது, பின்வாங்குகிறது. கையிலிருந்த தட்டகப்பை கீழே விழுந்தது. “நிப்பாட்டு!” என்று கத்தினேன். மகள் உடனே நிறுத்தினாள். வெகுநேரம் எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். “கடல் இல்ல உம்மா. றேடியோவில ஸ்டேசன் பிடிக்காட்டி இரையுமே, அந்த இரைச்சல்தான். அதை மெதுவா மங்கலாக்கி, திரும்பத் தெளிவாக்கினா அலை மாதிரிக் கேட்கும்” என்றாள். பிறகு, “நீங்க விரும்பினா மட்டும்” என்று சொல்லி, என் கையைப் பிடித்து இடப்பக்கத்து முதற் குமிழில் வைத்தாள்.

இடப்பக்கம் திருப்பினேன். கடல் தூரத்துக்குப் போனது. மிக மெல்ல வலப்பக்கம் திருப்பினேன். கிட்ட வந்தது. மீண்டும் திருப்பினேன். போய்விட்டது. இருபது வருடங்களாக என்னைத் துரத்திய சத்தம் என் இரண்டு விரலுக்கு அடங்கி நின்றது. நான் அழுதேன். பிள்ளைகள் இருவரும் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள்.

சுசேன் சியானி என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றி மகள் பிறகு சொன்னாள். இவ்வகைக் கருவியாலேயே அலைச் சத்தங்களை உருவாக்கி, 1982இல் ‘செவன் வேவ்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டவர் அவர். எனக்கோ ஏ.ஆர். ரஹ்மானின் தாயார் கரீமா பேகத்தின் நினைவு வந்தது. 1976இல் கணவர் ஆர்.கே. சேகர் இறந்தபோது மகனுக்கு வயது 9. கணவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்து அந்தக் குடும்பம் பிழைத்தது. மகன் சிறுவயதிலேயே கீபோட் வாசிக்கப் போனார். ‘ரோஜா’ வந்தது 1992இல். என் மகள் அப்படி வருவாள் என்று நான் கணக்குப் போடவில்லை. துணையில்லாத ஒரு தாயின் வீட்டிலும் வாத்தியத்துக்கு இடம் உண்டு என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

உங்கள் பிள்ளையும் இப்படிக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் பிள்ளைக்கு வேண்டியது பாட்டு வாசிப்பதா, சத்தத்தை உருவாக்குவதா என்று கேளுங்கள். பாட்டென்றால் 61 கட்டைக் கீபோட் போதும். கட்டையை மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மலிவானவை சிலவற்றில் அந்த வசதி இருப்பதில்லை. சத்தத்தை உருவாக்குவது என்றால், உள்ளே எத்தனை நூறு சத்தம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒன்றைப் பிள்ளை தன் கையால் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பாவித்த கருவி என்றால் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அமத்திப் பாருங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா என்றும் கேளுங்கள். அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவை வாசிக்காமல் சொருக வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாத கருவி என்றால் ஹெட்போன் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று உள்ளே இருக்கும் இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். நான் தறியில் ஒரு துண்டு நெய்து மூடி வைத்திருக்கிறேன்.

ஊரிலே எங்கள் காதுக்கு வந்த சத்தங்களில் எதையும் நாங்கள் கேட்டு வாங்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் எங்களுக்கு வழி இருக்கவில்லை. என் மகளின் கையில் அந்த வழி இருக்கிறது. அவளும் மருமகனும் இப்போது ஒரு நீண்ட பாட்டுச் செய்கிறார்கள். அதன் ஆரம்பத்தில் அலை வருகிறது. அந்த இடத்தில் குமிழைத் திருப்புவது நான்.

கடல் பக்கத்து ஜன்னலைப் போன மாதம் ஓர் இரவு பாதி திறந்து வைத்தேன்.