ஆடு பிரிக்கும் தீவு

ஐஸ்லாந்தில் விமானம் விட்டு இறங்கி, தலைநகர் ரெய்க்யவிக் போய்ச் சேரும் முக்கால் மணி நேரத்தில் பயணியின் கண்ணில் மரம் படுவதே அபூர்வம். சாலையின் இருபுறமும் எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கருங்கல் வெளி, அதன்மேல் மெத்தை விரித்த மாதிரி பாசி. ‘எங்கள் ஊர்க் காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? எழுந்து நின்றால் போதும்!’ என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசிக்கொள்வார்கள். அங்குள்ள பிர்ச் மரங்கள் அவ்வளவு குட்டை.

ஆனால், அது எப்போதும் மொட்டையாகக் கிடந்த பூமியில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வே பக்கமிருந்து படகில் வந்து குடியேறியபோது, தீவில் கால்பங்குக்குக் குறையாமல் காடு இருந்திருக்கிறது. வீட்டுக்கும் அடுப்புக்கும் வெட்டினார்கள். மேய்ச்சலுக்காக எரித்தார்கள். துளிர்த்ததையெல்லாம் ஆடு கடித்தது. எரிமலைச் சாம்பலால் ஆன மண் எடை குறைந்தது. மேலே போர்த்தியிருந்த பச்சை போனதும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் காடு சுமார் ஒரு சதவிகிதமாகச் சுருங்கியது. மண்ணைக் காப்பாற்றுவதற்கென்றே 1907-ம் ஆண்டில் அரசு தனியாக ஒரு அமைப்பைத் தொடங்கியது. உலகத்திலேயே இந்த வேலையை முதலில் ஆரம்பித்த நாடுகளில் அதுவும் ஒன்று.

ஜூன் மாதம் போகிறவர்கள் மலைச்சரிவெல்லாம் ஊதாப்பூ பூத்திருப்பதைப் பார்த்துப் படம் எடுத்துத் தள்ளுவார்கள். அது லூபின் என்ற செடி. மண் அரிப்பைத் தடுப்பதற்காக 1945-ல் அலாஸ்காவிலிருந்து விதை கொண்டுவரப்பட்டது. தக்கைப்பூண்டு, சணப்பு மாதிரி இதுவும் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். வெறும் மணலையும் மண்ணாக்கியது உண்மைதான். ஆனால், சொன்ன இடத்தில் நிற்கவில்லை. உள்ளூர்ப் புதர்களையும் பாசியையும் மூடிக்கொண்டு பரவுகிறது. ‘இருக்கட்டும்’ என்று ஒரு கட்சி, ‘பிடுங்கு’ என்று ஒரு கட்சி. சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல.

பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர் பத்தில் ஒன்பது வீடுகளைச் சூடாக்குகிறது. அதே சூட்டை வைத்துக் கண்ணாடிக் குடில்களில் தக்காளி, வெள்ளரி விளைவிக்கிறார்கள். க்வேராகெர்தி என்ற ஊரில், வெளியே பனி கொட்டும்போது உள்ளே வாழை குலை தள்ளியிருப்பதைப் பார்க்கலாம். கம்பு மாதிரியான ‘ரை’ தானிய மாவைப் பாத்திரத்தில் அடைத்து, சூடான மண்ணில் ஒரு நாள் புதைத்து வைத்தால் ரொட்டி வெந்துவிடும். விறகுச் செலவே இல்லை.

இதையெல்லாம்விடப் பார்க்க வேண்டியது செப்டம்பரில் நடக்கும் ஆடு பிரிக்கும் நாள். குட்டி ஈன்ற செம்மறிகளை ஜூன் மாதவாக்கில் மலைக்கு ஓட்டிவிடுவார்கள். மேய்ப்பவர் கிடையாது. மூன்று மாதம் கழித்து, ஊரே குதிரையேறிப் போய், சில இடங்களில் நாள்கணக்கில் தேடி, கீழே இறக்கிக்கொண்டு வருகிறது. வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமான பட்டி. ஆரக்கால் போல தடுப்புகள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அறை. நடுவில் ஆடுகள் முட்டி மோதும். கொம்பைப் பிடித்து, காதைப் பார்த்து, இரண்டு காலுக்கிடையில் ஆட்டை இடுக்கியபடி அவரவர் அறைக்குள் தள்ளுகிறார்கள். காதில் வெட்டிய அடையாளம்தான் உரிமைப் பத்திரம். எந்த வெட்டு யாருடையது என்பதற்கு அச்சிட்ட பதிவுப் புத்தகமே இருக்கிறது.

பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் இதற்காக ஊருக்கு வருகிறார்கள். வயதானவரோ, மந்திரியோ, எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்று சேர்த்துக்கொள்வதோடு சரி. கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. வேலை முடிந்ததும் கறிச் சூப்பும் பாட்டும் நடக்கும்.

அந்தப் பட்டிக்குப் போகும் வெளிநாட்டுக்காரர், தன் ஊர்ப் பண்ணையில் போட்ட செருப்பைச் சுத்தம் செய்யாமல் அப்படியே நுழைய முடியாது. அதற்குப் பின்னால் ஒரு பழைய அடி இருக்கிறது. 1933-ல், நல்ல தோலுக்கு ஆசைப்பட்டு ஜெர்மனியிலிருந்து கரகுல் இன ஆடுகள் இருபதை இறக்கினார்கள். தனியே வைத்துக் கண்காணித்த பிறகுதான் ஊருக்குள் அனுப்பினார்கள். பார்வைக்கு நோயில்லை. ஆனால், மெதுவாக நுரையீரலைத் தின்னும் நோய்கள் அவற்றின் உடம்புக்குள் இருந்தன. நெடுங்காலம் பெரும்பாலும் தனித்தே வளர்ந்த தீவு ஆடுகளுக்கு அதைத் தாங்கும் சக்தியில்லை. செத்தது போக, பரவாமல் தடுக்க லட்சக்கணக்கில் கொல்ல வேண்டியதாயிற்று. மாவட்டம் மாவட்டமாகப் பட்டிகளைக் காலிசெய்து, நோய் எட்டாத பகுதியிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினார்கள். நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேலி போட்டார்கள்.

குதிரைக்கும் இதே கறார்தான். வெளியிலிருந்து ஒரு குதிரையும் உள்ளே வரக்கூடாது. தீவைவிட்டுப் போன குதிரையும் திரும்ப முடியாது. பழைய சேணத்துக்குக்கூட அனுமதியில்லை. ஐரோப்பாவில் நடக்கும் ஐஸ்லாந்துக் குதிரைகளுக்கான உலகப் போட்டிக்குத் தங்கள் குதிரையை விமானத்தில் ஏற்றுகிறவர்கள், அங்கேயே அதை விற்றுவிட வேண்டும் என்று தெரிந்துதான் ஏற்றுகிறார்கள். தங்கப்பதக்கமே வாங்கினாலும், ஓட்டியவர் மட்டும்தான் ஊர் திரும்புகிறார்.