கணுக்கால் அளவுத் தண்ணீர்

மதீனாவின் ஹர்ரா என்னும் கருங்கல் பூமியிலிருந்து மழைவெள்ளம் ஓடைகளாக இறங்கிப் பேரீச்சந்தோட்டங்களுக்குப் பாயும். அத்தகைய ஓடையொன்றின் மேல்மடையில் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் இருந்தது. கீழ்மடையில் அன்ஸாரி ஒருவரின் தோட்டம். தண்ணீரைத் தடுக்காமல் விடும்படி கீழ்மடைக்காரர் கேட்க, ஸுபைர் (ரலி) மறுத்தார்கள். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. தம் மரங்களுக்குப் பாய்ச்சியபின் அண்டை நிலத்தாருக்கு விட்டுவிட வேண்டும் என்று ஸுபைருக்குச் சொன்னார்கள். அவர் உங்கள் அத்தை மகன் என்பதால்தானே இப்படி என்று அன்ஸாரி கேட்டுவிட்டார். நபியவர்களின் முகம் மாறியது. பாத்திக் கரையின் அடியைத் தொடும்வரை நீரை நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு விடுமாறு ஸுபைருக்குக் கட்டளையிட்டார்கள். அந்த அளவை மக்கள் கணுக்கால் உயரம் என்று கணித்துக்கொண்டார்கள் என இமாம் ஸுஹ்ரீ அவர்களின் குறிப்பும் புகாரீயில் இடம்பெற்றுள்ளது.

முதலில் சொன்னது சமாதானம். பின்னர் சொன்னது உரிமை என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். மேல்மடைக்காரர் தமக்குரிய முழு அளவில் சிறிது விட்டுக்கொடுக்கும் வழியே முதலில் காட்டப்பட்டது. அது ஏற்கப்படாதபோது அவருக்குரிய முழு உரிமையும் தரப்பட்டது. எங்கள் பகுதி பயான்களில் முதற்பகுதியையே அதிகம் கேட்டிருக்கிறேன். காரணம் விளங்காமல் இல்லை. நாங்கள் காவிரியின் கடைமடைக்காரர்கள். மேலே உள்ளவனுக்கே முதல் பாய்ச்சல் என்னும் பிற்பகுதி எங்கள் காதுக்கு அவ்வளவு இனிமையாக இராது.

இதைப் பற்றி நான் அதிகம் யோசிக்க நேர்ந்தது என் மகளின் திருமணத்திற்குப் பிறகுதான். மகள் பெங்களூரில் குடியிருக்கிறாள். சம்பந்தி மாண்டியா மாவட்டத்தில் கரும்பும் நெல்லும் பயிரிடுபவர். கிருஷ்ணராஜ சாகர் அணையின் கால்வாய்தான் அவருக்கு உயிர். எனக்கோ வெண்ணாற்றுக் கிளை வாய்க்காலின் கடைசி மடைக்குக் கீழே பத்து மா நிலம். மகள் வீட்டுக் குழாயில் வருவதும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்படும் காவிரி நீரே. 2023இல் மழை பொய்த்தது. எங்கள் பக்கம் குறுவை கருகியது. அவர் பக்கம் அணை நிரம்பவில்லை. அடுத்த கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்ற, மகள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தாள்.

அந்த ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாட்டுக்கு நொடிக்கு 5,000 கனஅடி திறக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துக் கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. அன்றிரவு சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார். “பாய், எங்கள் ஆற்றில் அணை கட்ட நாங்கள் உங்களிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?” என்றார். கோபமாக அல்ல, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

என்னிடம் இருந்த விடை, ஃபிக்ஹு நூல்களில் படித்ததுதான். மேல்மடைக்கே முன்னுரிமை என்று சொல்லும் அறிஞர்கள் அதற்கு ஒரு வரம்பும் வைத்தார்கள். கீழே பலர் ஏற்கெனவே பயிரிட்டு வரும்போது, ஒருவர் புதிதாக மேலே சென்று தரிசைத் திருத்தினால், பழைய நிலத்தாரை முந்தி அவர் நீர் பாய்ச்ச முடியாது. ஆற்றை அவர்கள் முந்தி அடைந்துவிட்டார்கள் என்பது ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா கூறும் காரணம். கல்லணைக்குக் கீழே பாசனம் சோழர் காலத்திலிருந்தே நடந்து வருகிறது. 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்னையும் மைசூரும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் சென்னை தரப்பின் வாதமும் அடிப்படையில் இதுவே.

சம்பந்தி விடவில்லை. சென்னை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது. மைசூர் அவர்களுக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம். அப்படியிருக்க அது சமமானவர்களின் ஒப்பந்தமா என்று கேட்டார். கிருஷ்ணராஜ சாகரில் வைக்கப்பட்டிருக்கும் திப்பு சுல்தானின் பாரசீகக் கல்வெட்டையும் நினைவூட்டினார். 1794இல் காவிரியின் குறுக்கே அணைக்கு அடிக்கல் இட்டதைச் சொல்லும் கல்வெட்டு அது. மேலே உள்ளவர்களின் ஆசையும் நேற்று முளைத்ததன்று என்பது அவர் கருத்து. அதில் நியாயம் இருந்தது.

நீதிமன்றங்களும் இந்த இரண்டு வாதங்களுக்கும் நடுவில்தான் நின்றன. 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, எஞ்சியது சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியது. அந்தக் கூடுதலில் 4.75 டி.எம்.சி. பெங்களூரு வட்டாரத்தின் குடிநீருக்கானது. ஊரில் அந்தத் தீர்ப்பை ஏசியவர்களுள் என்னால் முழுமனத்தோடு சேர முடியவில்லை. அதில் என் பேரப்பிள்ளைகள் குடிக்கும் நீரும் இருக்கிறது. நதி எந்த மாநிலத்தின் தனிச்சொத்தும் அன்று என்றும் அத்தீர்ப்பு கூறியது.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இந்த எண்களை யாரும் தேடுவதில்லை. மேட்டூர் தானே நிரம்பி வழியும். சண்டையெல்லாம் குறைந்த ஆண்டில்தான். நீர் குறைந்தால் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்று நடுவர் மன்றம் எழுதிவைத்தது. ஆயினும் குறைவை எந்த மாதத்தில், எந்த அணையின் வரத்தை வைத்து அளப்பது என்பதில் ஒவ்வொரு வறட்சியிலும் வழக்கு புதிதாகத் தொடங்குகிறது. ஸமூது கூட்டத்தாருக்கும் ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கும் நீர் பங்கிடப்பட்டபோது, இன்னாருக்கு இன்ன நாள் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததைக் குர்ஆன் சொல்கிறது. அப்படி அறிவிக்கப்பட்ட முறை ஒன்று காவிரியின் வறட்சிக்கு இன்னும் வாய்க்கவில்லை.

எங்கள் வாய்க்காலில் அது உண்டு. நீர் குறைந்த ஆண்டில் முறை கடைசி மடையிலிருந்து தொடங்கி மேலே ஏறும். அத்தா காலத்தில் மேல்மடை மிராசுதார்களும் எங்களைப் போன்றவர்களும் அமர்ந்து பேசி வைத்த ஏற்பாடு. சித்திரையில், வயல்கள் காய்ந்து கிடக்கும்போது பேசினார்கள். ஆடியில் நாற்று வாடும்போது பேசினால் மண்வெட்டிதான் பேசும் என்பார் அத்தா.

இதைச் சம்பந்தியிடம் சொன்னேன். அதிலிருந்து நோன்புப் பெருநாளுக்கு அவர் வந்தாலும் நான் போனாலும் எங்கள் பேச்சு அங்கேயே வந்து நிற்கிறது. அணையில் நீர் குறைந்தால் கோடை நெல்லைத் தாம் கைவிடலாம் என்கிறார். நான் குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்கு மட்டும் காத்திருப்பேன் என்கிறேன். எங்கள் இருவர் சொல்லும் எந்த ஆணையத்தையும் எட்டாது என்பது தெரிந்ததே. குறைவை எப்போது கணக்கிடுவது என்பதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. மழைக்காலம் முடிந்தபின் மொத்தமாக அளக்கலாம் என்பது அவர் பக்கம்; மாதந்தோறும் அளக்காவிட்டால் எங்கள் நாற்று அதுவரை உயிரோடு இருக்காது என்பது என் பக்கம். சென்ற முறை மகள் தேநீர்க் குவளைகளை எடுத்துச் சென்ற பிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.