கேம் பெட்டியை விற்குமா, பெட்டி கேமை விற்குமா?

ஒரே கேம், இரண்டு கன்சோல்கள். ஒரு கன்சோல் படுதோல்வி. இன்னொன்று சக்கைப்போடு போட்டது. வீடியோ கேம் வியாபாரத்தில் பல வருடங்களாக நடந்துவரும் ஒரு பட்டிமன்றத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த சாட்சியைக் கடைசியில் கூண்டில் ஏற்றலாம். முதலில் தலைப்பு.

ஹிட்டான கேம் வந்தால் கன்சோல் விற்குமா?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ரஜினி படம் வந்தால் தியேட்டர் நிரம்பாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு சின்ன வித்தியாசம். படம் பார்க்கிறவன் டிக்கெட் மட்டும் வாங்கினால் போதும். கேம் விளையாடுகிறவனோ முதலில் தியேட்டரையே விலைக்கு வாங்கி வீட்டில் வைக்க வேண்டும் :-) அறுபது டாலர் கேமுக்காக முந்நூறு டாலர் பெட்டி. அதனால் இந்தக் கேள்வி பார்ப்பதற்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கஷ்டமானது.

இதில் பணமும் நிறைய இருக்கிறது. பல கன்சோல் கம்பெனிகள் பெட்டியை அடக்க விலைக்கே, சில சமயம் நஷ்டத்துக்கே விற்கின்றன. பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் காசு பார்ப்பது மாதிரி. 2021-இல் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கில், மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட் சாட்சி சொன்னார். எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை விற்றதில் மட்டும் தங்கள் கம்பெனி லாபம் பார்த்ததே இல்லை என்றார். லாபம் வருவது கேம்களிலிருந்தும், மற்ற கம்பெனிகள் அந்தப் பெட்டிக்குச் செய்யும் கேம்களில் கிடைக்கும் பங்கிலிருந்தும்தான். ஆக, கேம் பெட்டியை இழுத்துக்கொண்டு போகுமா என்பது ரசிகர் சண்டை மட்டுமல்ல, கம்பெனியின் தலையெழுத்து.

ஆமாம் என்பவர்கள் கட்சி

இவர்கள் கையில் பலமான ஆதாரங்கள் இருக்கின்றன.

1977-இல் வந்த அட்டாரி 2600 முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1980-இல், கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷின்களில் பிரபலமாயிருந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அதற்கு வந்தது. பெட்டி விற்பனை மளமளவென்று ஏறியது. ஒரு கேமுக்காகவே பெட்டி வாங்குவார்கள் என்பதை இந்தத் துறை கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

1989-இல் நின்டென்டோவின் கேம் பாய். அமெரிக்காவில் பெட்டியோடு மரியோ கேமைக் கொடுக்காமல் 'டெட்ரிஸ்' கொடுக்கச் சொன்னவர் ஹெங்க் ரோஜர்ஸ். மரியோ கொடுத்தால் சின்னப் பையன்கள் வாங்குவார்கள், டெட்ரிஸ் கொடுத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்பது அவர் வாதம். அப்படியே நடந்தது.

அடுத்து 2001, எக்ஸ்பாக்ஸ். 'ஹேலோ'வை 1999-இல் மேடையில் அறிமுகம் செய்து வைத்தவர் யார் தெரியுமா? ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ்! மேக் கம்ப்யூட்டருக்கு வரப்போகும் கேம் என்றுதான் காட்டினார். 2000-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் செய்துகொண்டிருந்த பங்கி கம்பெனியையே வாங்கிவிட்டது. கேம் துறையில் புதுமுகமான மைக்ரோசாஃப்டை நம்பி மக்கள் பெட்டி வாங்கியதற்கு ஹேலோ ஒரு பெரிய காரணம்.

2017 மார்ச் கதை இன்னும் சுவாரசியம். அந்த மாதம் அமெரிக்காவில் நின்டென்டோ ஸ்விட்ச் 9,06,000 விற்றது. ஸ்விட்சுக்கான 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' கேம் விற்றது 9,25,000. பெட்டியைவிட கேம் அதிகம்! பெட்டிக்குத் தட்டுப்பாடு. பெட்டி கிடைக்காதவர்கள்கூட கேமை முதலில் வாங்கி வைத்திருக்கக் கூடும். தாலி வாங்கிவிட்டுப் பெண் தேடுவது போல.

ஆராய்ச்சியும் இந்தக் கட்சிக்கு ஆதரவாக உண்டு. 2009-இல் பின்கென், ஸ்ட்ரெமெர்ஷ் என்ற இருவர் மார்க்கெட்டிங் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். ஒரு 'சூப்பர்ஸ்டார்' கேம் வந்தால் முதல் 5 மாதங்களில் கன்சோல் விற்பனை சராசரியாக 14 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு.

14 சதவீதம் சின்ன விஷயமில்லை. ஆனால் எதன் மேல் 14 சதவீதம் என்று கேட்க வேண்டும். நூறு விற்கும் இடத்தில் பதினாலு. பத்து லட்சம் விற்கும் இடத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கேம் விற்பனையைப் பெருக்கித் தருகிறது, சரி. பெருக்குவதற்கு முதலில் ஒரு தொகை வேண்டுமே?

இல்லை என்பவர்கள் கட்சி

இவர்களின் முதல் சாட்சி மறுபடியும் அட்டாரிதான். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கற்ற பாடத்தை அது அளவுக்கு மீறி நம்பியது. 1982-இல் 'பேக்-மேன்', 'ஈ.டி.' என்று பெரிய பெயர்களை வாங்கி கேட்ரிட்ஜ்களை மலைபோல் செய்து குவித்தது. ஈ.டி. கேமை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் எழுத வேண்டியிருந்தது. கேம் மோசம். விற்காத கேட்ரிட்ஜ்கள் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. வெறும் கட்டுக்கதை என்று பலர் நினைத்திருக்க, 2014-இல் தோண்டி எடுத்தே காட்டிவிட்டார்கள். பெயர் பெரிதாக இருந்தால் போதும், கேமும் பெட்டியும் தானாக ஓடும் என்ற நம்பிக்கையைப் புதைத்த இடம் அது.

இரண்டாவது சாட்சி சேகாவின் ட்ரீம்காஸ்ட். 1998-இல் ஜப்பானிலும் 1999-இல் அமெரிக்காவிலும் வந்தது. 'சோல்காலிபர்', 'ஷென்மூ' என்று இன்றைக்கும் ரசிகர்கள் உருகும் கேம்கள் அதில் இருந்தன. விற்றது சுமார் 91 லட்சம் பெட்டிகள்தான். 2001 மார்ச்சோடு சேகா கன்சோல் செய்வதையே நிறுத்திக்கொண்டது. அந்தக் கம்பெனியின் தலைவர் இசாவோ ஒகாவா தான் கொடுத்திருந்த கடனைத் தள்ளுபடி செய்து, தன் பங்குகளையும் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். மொத்த மதிப்பு சுமார் 69 கோடி டாலர். அதே 2001 மார்ச்சில் இறந்தும் போனார்.

ட்ரீம்காஸ்டைத் தோற்கடித்தது எது? சோனியின் பிளேஸ்டேஷன் 2. வேடிக்கை என்னவென்றால், 2000-இல் அது வெளிவந்தபோது அதற்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி கேம்களே அதிகம் இல்லை! ஆனால் டிவிடி படம் ஓடும். பழைய பிளேஸ்டேஷன் கேம்களும் ஓடும். 'சோனி பெட்டி, நாளைக்குக் கண்டிப்பாக நல்ல கேம் வரும்' என்ற நம்பிக்கையும் இருந்தது. ட்ரீம்காஸ்டில் கேம் இருந்தது, அந்த நம்பிக்கை இல்லை. சேகாவின் முந்தைய பெட்டியான சாட்டர்ன் அமெரிக்காவில் சீக்கிரமே கைவிடப்பட்டது பலருக்கு ஞாபகம் இருந்தது. விளையாட்டு கேம்களில் பெரிய கையான இஏ கம்பெனி ட்ரீம்காஸ்ட் பக்கமே வரவில்லை. பிளேஸ்டேஷன் 2 கடைசியில் 16 கோடியைத் தொட்டது.

வாங்குகிறவர் இன்றைக்கு இருக்கும் கேமுக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை. அடுத்த நாலைந்து வருடம் வரப்போகும் கேம்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். கன்சோல் வாங்குவது ஒரு வகையில் முதலீடு. கம்பெனி பாதியில் ஓடிவிடுமோ என்ற சந்தேகம் வந்தால், எவ்வளவு நல்ல கேம் இருந்தாலும் பர்ஸ் திறக்காது.

இந்தக் கட்சி இன்னொன்றும் சொல்லும். பெரிய கேம்கள் எங்கே போகின்றன? ஏற்கெனவே நிறையப் பெட்டி விற்ற இடத்துக்கு. செய்வதற்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது, வாங்க ஆள் இருக்கும் ஊரில்தானே கடை போடுவார்கள்? ஆகவே ஒரு கன்சோலில் நல்ல கேமும் இருக்கிறது, விற்பனையும் இருக்கிறது என்றால் எது எதைக் கொண்டுவந்தது என்று சட்டென்று சொல்ல முடியாது. கோவில் இருப்பதால் ஊரா, ஊர் இருப்பதால் கோவிலா?

நடுவில் விலை

இரண்டு கட்சியும் அடிக்கடி மறந்துவிடும் ஒரு ஆசாமி உண்டு. அவர் பெயர் விலை.

2011 மார்ச்சில் நின்டென்டோ 3டிஎஸ் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. ஐந்தே மாதத்தில், ஆகஸ்டில், விலையை 170 டாலராக வெட்டினார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பிறகு நவம்பரில் ஒரு மரியோ கேம், டிசம்பரில் 'மரியோ கார்ட் 7'. பெட்டி பிழைத்துக்கொண்டது. பிழைக்க வைத்தது விலையா, மரியோவா? மூன்றும் சில மாத இடைவெளியில் வந்ததால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

1994 முதல் 2002 வரையிலான அமெரிக்கச் சந்தையை ஆராய்ந்த கிளெமென்ட்ஸ், ஒஹாஷி இருவரின் கட்டுரை இதற்கு நல்ல பதில் தருகிறது. கன்சோலின் ஆரம்ப காலத்தில் விலைதான் அதிகம் வேலை செய்கிறது. காலம் போகப் போக கேம்களின் வகையும் எண்ணிக்கையும் அதிகம் வேலை செய்கின்றன. கதவைத் திறப்பது விலை, உள்ளே கூட்டத்தைக் கொண்டுவருவது கேம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இனி அந்த சாட்சி

இப்போது கூண்டில் ஏற வேண்டியது 'மரியோ கார்ட் 8'.

2012-இல் நின்டென்டோ 'வீ யூ' என்ற கன்சோலைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 'வீ' 10 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. புதியதன் பெயரைப் பார்த்த பலர், இது பழைய வீ பெட்டிக்கு மாட்டும் ஒரு உதிரி சாமான் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். பிள்ளைக்குப் பரிசு வாங்கக் கடைக்கு வரும் ஒரு அம்மா, "எங்க வீட்டில்தான் வீ இருக்கிறதே" என்று திரும்பிப் போனால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பழையதால் செய்ய முடியாத எதைப் புதியது செய்யும் என்பதை ஒரு வரியில் சொல்ல நின்டென்டோவாலேயே முடியவில்லை.

2014 ஜனவரியில், அந்த நிதியாண்டுக்கு 90 லட்சம் வீ யூ விற்கும் என்று போட்டிருந்த கணக்கை 28 லட்சமாகக் குறைத்தார்கள். இவாட்டா மறுபடியும் சம்பளத்தில் பாதியை விட்டார். மே மாதம் மரியோ கார்ட் 8 வந்தது. அருமையான கேம். பிரிட்டனில் அந்த வாரம் வீ யூ விற்பனை முந்தைய வாரத்தைவிட 666 சதவீதம் கூடியதாகச் செய்தி வந்தது. கேட்கவே தலைசுற்றும். ஆனால் முந்தைய வாரம் விற்றதே சொற்பம் என்றால் 666 சதவீதம் எவ்வளவு வந்துவிடும்?

வருடக் கணக்குதான் உண்மையைச் சொல்கிறது. மரியோ கார்ட் 8 வருவதற்கு முந்தைய நிதியாண்டில் வீ யூ விற்றது 27.2 லட்சம். வந்த நிதியாண்டில் 33.8 லட்சம். ஏறியது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டியைக் காப்பாற்ற அது போதவில்லை. மொத்தம் 1.356 கோடியில் வீ யூவின் கதை முடிந்தது.

2017 ஏப்ரலில் அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' என்று ஸ்விட்சில் போட்டார்கள். அது 6 கோடியே 80 லட்சத்தைத் தாண்டியது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது.

இங்கே ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. வீ யூவில் மரியோ கார்ட் 8 விற்றது சுமார் 84.6 லட்சம். பெட்டி வைத்திருந்த பத்து பேரில் ஆறு பேருக்கு மேல். ஸ்விட்சில் பத்து பேரில் நாலைந்து பேர்தான். அதாவது தோற்ற பெட்டியில்தான் அந்த கேமுக்கு மவுசு அதிகம்! கேம் இரண்டு இடத்திலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மாறியது பெட்டி. வீட்டு டிவியிலும் ஆடலாம், கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ஆடலாம் என்று ஸ்விட்சை ஒரு குழந்தைக்குக்கூட ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

ஆக, தீர்ப்பு இதுதான். ஹிட் கேம் கன்சோலை விற்கும். ஆனால் வாசல்வரை வந்து யோசித்துக்கொண்டு நிற்பவரைத்தான் உள்ளே இழுக்கும். வாசலுக்கு வராதவரை இழுக்காது. அவரை வரவழைப்பது பெட்டி எதற்கு என்ற தெளிவும், விலையும், நாளைக்கும் கேம் வரும் என்ற நம்பிக்கையும்தான். மேலே சொன்ன வெற்றிகளைத் திரும்பப் பார்த்தால் இது புரியும். டெட்ரிஸ் வெறும் நல்ல கேம் மட்டுமல்ல, கேம் பாய் எதற்கு என்பதன் விளக்கமும் அதுதான்.

புதுமுகமாக வந்தபோது எக்ஸ்பாக்ஸைத் தூக்கி நிறுத்திய ஹேலோ, சோனியின் பிளேஸ்டேஷன் 5-க்கும் வரும் என்று 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கேமை வைத்துப் பெட்டியை விற்பதைவிட, எல்லாப் பெட்டியிலும் கேமை விற்பது மேல் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் போல.

இவாட்டா 2015 ஜூலையில் காலமானார். இரண்டு முறை தன் சம்பளத்தை வெட்டிக்கொண்ட அந்த மனிதர், தான் தலைவராக இருந்தபோது தொடங்கிய ஸ்விட்ச் கடைக்கு வந்ததையே பார்க்கவில்லை. அவர் காலத்தில் தோற்றுப்போன பெட்டியில் சிக்கிக்கிடந்த ஒரு நல்ல கேமுக்கு, அவர் போன பிறகுதான் சரியான வீடு கிடைத்தது.