முக்காட்டுக்குள் ஓர் ஓலைப்பூ

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் படகு போகிறது, நெடுந்தீவுக்கும் போகிறது. நாகபூஷணி அம்மனிடம் போகிறவர்களும் நாகதீப விகாரைக்குப் போகிறவர்களும் ஒன்றாகவே நயினாதீவுப் படகில் ஏறுகிறார்கள். காத்து நிற்கிற அந்தச் சனத்தை நம்பித்தான் அங்கே கடைகள். பனங்கட்டிக் குட்டான், ஒடியல், சிப்பி கோத்த மாலை. இவற்றுக்குப் பக்கத்தில் அட்டையில் குத்திய தலைமயிர்க் கிளிப்புகளும் தொங்கும். எல்லாம் பிளாஸ்டிக். மற்ற நிறங்கள் வரும், போகும். மஞ்சளும் தவிட்டு நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்த ஒரு வகை மட்டும் எப்போதும் அந்த அட்டையில் இருக்கும். அது அழுங்காமையின் ஓட்டு நிறம். இலங்கைக் கரைகளில் முட்டையிட வருகிற ஐந்து இன ஆமைகளில் அதுவும் ஒன்று. ஆமை கடலில் இருக்கிறது, அதன் நிறம் வேறெங்கோ செய்யப்பட்டுக் கப்பலில் வந்து கரையில் தொங்குகிறது. வாங்குகிற பெண்ணுக்கு இது தெரியாது. விற்கிற ஐயாவுக்கும் தெரியாது.

தலைமயிரைக் கட்டவும் அலங்கரிக்கவும் சாமான் செய்வது என் தொழில் என்பதால் என் கண் அங்கேதான் போகிறது.

அழுங்காமையின் முதுகில் பெரிய தகடுகள் 13. வெந்நீரில் போட்டால் அவை இளகும். இளகியதை வேண்டியபடி வளைக்கலாம். இரண்டு தகடுகளைச் சூடாக வைத்து அழுத்தினால் பசையில்லாமலே ஒன்றாகிவிடும். பிளாஸ்டிக் வருமுன் சீப்புச் செய்கிறவனுக்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் தென்னிலங்கைக் கரையோரத்துச் சிங்கள ஆண்கள் கொண்டை முடிந்து அரைவட்டச் சீப்புச் செருகியிருந்தார்கள். காலியில் கப்பலிறங்கிய வெள்ளையர்கள் அதைக் கண்டு அதிசயித்து எழுதினார்கள். இரத்தினக் கல்லையும் ஆமையோட்டுச் சாமான்களையும் விற்பதற்காகத் தங்களைச் சூழ்ந்துகொண்ட சோனகர்களைப் பற்றியும் எழுதினார்கள், கொஞ்சம் எரிச்சலோடு. நம்மவர்களின் அந்த வியாபாரத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதியதாக நான் ஒன்றும் படித்ததில்லை.

அந்தத் தொழில் இனி இல்லை, இருக்கவும் கூடாது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1979இல் சேர்ந்தது. கொண்டை ஊசிக்கும் சீப்புக்கும் ஆமையோட்டையே உயர்ந்ததென்று கொண்டாடிய ஜப்பான் 1990களின் தொடக்கத்தில்தான் இறக்குமதியை நிறுத்தியது. ஆனால் சீப்புத் தொழில்களைச் சட்டம் மட்டும் கொன்றுவிடவில்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் லெமின்ஸ்டர் என்ற ஊர் சீப்பாலேயே பிழைத்தது. 1920களில் பெண்கள் கூந்தலைக் கட்டையாக வெட்டத் தொடங்கியதும் அந்தத் தொழில் ஆடிப்போயிற்று. தலைமயிருக்கு என்ன நடக்கிறதோ அதுதான் ஆபரணத்துக்கும் நடக்கிறது.

நம்மிடம் தலைமயிர் வெட்டப்படவில்லை, மூடப்பட்டது. முக்காடு எப்போதும் இருந்ததுதான். ஆனால் சேலைத் தலைப்பால் போட்ட முக்காடு வேறு, ஹபாயாவோடு சோல் சுற்றிப் பின் குத்துவது வேறு. சேலை முக்காடு வழுக்காமல் நிற்பதற்குக் கொண்டைதான் முளை. கொண்டை சரியான இடத்தில் இருந்தால் முக்காடு நாள் முழுக்க நிற்கும். ஆகவே கொண்டை ஊசிக்கு அன்று இரண்டு வேலை இருந்தது. சோல் வந்தபின் பிடிக்கிற வேலை நாடிக்குக் கீழே குத்துகிற பின்னுக்குப் போய்விட்டது. கொண்டை ஊசியை யாரும் நினைப்பதில்லை.

என் உம்மும்மா நயினாதீவில் பிறந்து யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் வாழ்க்கைப்பட்டவர். கன்னாதிட்டியில் ஒரு பத்தரிடம் செய்வித்த கொண்டை ஊசி ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு கால் உள்ள வெள்ளி ஊசி. அதன் தலையில் திருகிப் பூட்டுகிற பொன் பூ. 1990 அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, வழியில் சோதித்தவர்கள் அந்தப் பூவைத் திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அது கறுத்துப்போன வெள்ளி, அவர்களுக்கு அது நகையாகத் தெரியவில்லை. பூவில்லாத அந்த ஊசிதான் புத்தளத்து முகாமில் மௌத்தாகும்வரை அவருடைய கொண்டையைப் பிடித்திருந்தது. அதன் வளைவைப் பார்த்துத்தான் நான் கிளிப்பு வரையப் பழகினேன். இன்றும் முதலில் வரைவது பிடிக்கிற பகுதியை. பூ பிறகு.

தீவுகளின் பொருட்கள் பெரும்பாலும் வெளியே போனவை. யாழ்ப்பாணக் கடலில் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் டாக்காவில் வளையலாக அறுபட்டது. ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய நூலில் இந்த வியாபாரம் விரிவாகவே இருக்கிறது. குளித்தவர்களில் கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தார்கள். ஓலை மட்டும் போகவில்லை. மலிந்த பொருளை யார் கப்பலேற்றுவார்? 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தபிறகு ஓலை வேலைக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டாயிற்று என்றாலும் பெட்டி, சுளகு, தொப்பி, விசிறி என்ற வட்டத்தை விட்டு அது அதிகம் வெளியே வரவில்லை.

நான் நெடுந்தீவுப் படகில்தான் ஏறுகிறேன். அங்கே ஓர் அக்கா எனக்காக இழைக்கிறார். ஐம்பது வயதுக்கு மேலே. கணவர் கடலில் போனவர். பெட்டியும் நீத்துப்பெட்டியும் இழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். என் முதல் மாதிரியைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"இது பெட்டி இல்லைப் பிள்ளை, பெட்டிக்கு மூக்குத்தி."

சார்வோலையை ஈர்க்கு நீக்கி, பனியிலும் வெயிலிலும் போட்டு வெளுக்கவைத்து, 3 மில்லிமீற்றர் அகலத்துக்கு வார்ந்தெடுக்க வேண்டும். பெட்டிக்கு வார்கிற கைக்கு இது பெரிய சிரமம். ஓர் இழை அகலம் கூடினாலும் பூவின் இதழ் ஒருபக்கம் சாய்ந்துவிடும். அதைவிடச் சிரமம் விளிம்பு. ஓலையின் வெட்டுமுனை சிபொன் துணியில் பட்டால் நூல் இழுபடும். ஒரு பெண் தன் பெருநாள் சோலை அப்படி இழுபட விட்டால் பிறகு என் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். சுளகுக்கு விளிம்பு பொத்துகிற முறையைச் சிறிதாக்கி, எல்லா முனையும் உள்ளே மடிந்து மறையும்படி செய்தவர் அந்த அக்காதான். நான் தாளில் வரைந்து வைத்திருந்தது வேறு, அது சரிவரவில்லை.

முக்காட்டுக்குள் இருக்கிற கிளிப்புக்குச் சில நிபந்தனைகள் உண்டு. கடையில் விற்கிற கிளிப்புகள் அவற்றை யோசித்துச் செய்தவையல்ல. அது தட்டையாக இருக்க வேண்டும். உச்சியில் நிற்கிற நண்டுக் கிளிப்போடு பஸ் கதிரையில் சாயவே முடியாது. பிடரிக்கு மேலே, தலையோட்டின் வளைவுக்கு ஏற்ற வளைவோடு அது இருக்க வேண்டும். வேர்வையைத் தாங்க வேண்டும். ஓலை இதில் பிளாஸ்டிக்கைவிட நல்லது, காற்று போய்வரும். ஒளுச் செய்யும்போது கழற்ற வேண்டி வரக்கூடாது. ஷாபி மத்ஹபில் தலையில் ஒரு பகுதியைத் தடவினாலே மஸ்ஹு நிறைவேறிவிடும் என்பதால் எனக்குப் பிரச்சினையில்லை. ஹனபி மத்ஹபில் காற்பங்கு, மாலிகி மத்ஹபில் முழுத் தலை. கொழும்பில் மேமன் வீடுகளுக்கு விற்கப் போனால் வேறு மாதிரி வரைய வேண்டும் போலிருக்கிறது!

உயரத்தைப் பற்றிய சண்டை வேறு. சோலுக்குள் பெரிய துணிப்பூக் கிளிப்பை வைத்துத் தலையை உயர்த்திக் காட்டுகிற மோஸ்தர் வளைகுடாவிலிருந்து வந்தபோது புத்தளத்துப் பெண்பிள்ளைகள் அதைத்தான் என்னிடம் கேட்டார்கள். ஒட்டகத் திமில் போன்ற தலைகளைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற எச்சரிக்கையை மௌலவி ஒருவர் ஜும்ஆவில் நினைவூட்டினார். நான் அந்தப் பெரிய பூவைச் செய்யவில்லை. மார்க்கக் காரணத்தோடு தொழில் காரணமும் இருந்தது: உச்சிப் பாரம் சோலைப் பின்னுக்கு இழுக்கும், அதை நிறுத்த இன்னும் நாலு பின் குத்த வேண்டும், மாலையில் தலையிடி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இடுப்புவரை மயிர் உள்ள ஒரு பெண் அதை எங்கே வைப்பாள்? அவளுடைய கொண்டை இயல்பாகவே பெரிது. அவளைப் பார்த்தும் திமில் என்று பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். என் கிளிப்புகளில் மிகவும் யோசித்து வரைந்தது அப்படிப்பட்ட பெண்களுக்கானது. கனத்த கொண்டையைப் பிடரியிலே படுக்கவைத்து இரண்டு பக்கமும் பகிர்ந்து பிடிக்கும்.

குஞ்சலத்துக்கும் கேள்வி வந்தது. பின்னலின் நுனியில் பட்டுநூல் குஞ்சலம் கட்டினால், சவுரி வைப்பதற்கு வந்த தடை இதற்கும் பொருந்துமா என்று ஒரு மாமி கேட்டனுப்பினார். கூந்தலோடு கூந்தல் இணைப்பவளைப் பற்றிய ஹதீஸ் கடுமையானதுதான். ஆனால் ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி, மயிரைப் போலத் தோன்றாத வண்ணப் பட்டுநூலைக் கட்டுவது அந்தத் தடையில் சேராது, அது அலங்காரம் மட்டுமே என்ற காழி இயாழின் கருத்தை அங்கே எடுத்தெழுதுகிறார். எழுநூறு வருடங்களுக்கு முன் ஓர் இமாம் குஞ்சலத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார். இலக்கியக் கூட்டங்களில் "பெண்களின் அலங்காரச் சாமான்" என்று உதட்டைச் சுழிக்கிறவர்களுக்கு இதையும் சொல்வேன்: ஆயிஷா நாயகி (ரழி) தம் சகோதரியிடம் இரவல் வாங்கிய கழுத்துமாலை பயணத்தில் தொலைந்தபோது, அதைத் தேடித் தண்ணீரில்லாத இடத்தில் ஒரு படையே தரித்து நின்றது. தயம்மும் வசனம் அந்தத் தரிப்பில்தான் இறங்கியது.

நெடுந்தீவு அக்காவுக்கு இந்த வாதங்கள் தெரியாது. அவருடைய கேள்வி வேறு.

"ஆரும் பாக்காத இடத்துக்கு ஏன் பிள்ளை இவ்வளவு மினக்கெடுறீர்?"

"ஆரும் பாக்கிறதில்லை எண்டு ஆர் சொன்னது அக்கா? வீட்டுக்குள்ள முக்காடு இல்லையே."

சூரா அந்நூரின் 31ஆம் வசனத்தில் ஒரு பெண் தன் அலங்காரத்தை யார் யார் முன் வெளிக்காட்டலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. கணவன், தந்தை, மகன், சகோதரன், அவர்களுடைய பிள்ளைகள், பெண்கள் என்று நீளும். அதை அவருக்குச் சொன்னேன். கல்யாண வீட்டில் பெண்கள் பகுதிக்குள் வந்து சோலைக் கழற்றுகிற நேரத்தில்தான் என் கிளிப்புகள் வெளிச்சத்தைக் காணும். ஒருத்தியின் தலையைப் பார்த்துத்தான் மற்றவள் ஓடர் கொடுப்பாள். எனக்கு விளம்பரப் பலகை அந்த அறைதான்.

அவர் கொஞ்ச நேரம் இழைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, தாலி அறுத்தவர்கள் உங்களிடையே போடுவார்களோ என்று கேட்டார். இத்தாவைப் பற்றிச் சொன்னேன். நாலு மாதமும் பத்து நாளும் அலங்காரம் கூடாது, கர்ப்பிணியென்றால் பிள்ளை பிறக்கும் மட்டும்.

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு போடலாம். விரும்பினா மறுமணமும் செய்யலாம்."

"பூவும் வைக்கலாமோ?"

"வைக்கலாம்."

மார்க்கம் அப்படிச் சொல்கிறது. நம் ஊர்களில் எத்தனை விதவைகள் நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு வண்ணச் சேலை உடுத்து வெளியே வந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திராது. உம்மும்மாகூட வாப்பப்பா போன பிறகு வெள்ளைதான் உடுத்தார். பொன் பூவை மட்டும் கழற்றவில்லை.

எண்ணெய் இன்னும் தீராத சிக்கல். தேங்காயெண்ணெய் பட்டால் ஓலை மூன்று நாலு மாதத்தில் கறுக்கும். பூச்சு அடித்தால் காற்றுப் போவது நின்றுவிடும். அப்படியானால் பிளாஸ்டிக்கே போதுமே. அடியில் துணி வைத்துப் பார்த்தோம், கொஞ்சம் தாமதமாகக் கறுத்தது. சாயம் போட்ட ஓலையில் கறுப்பு அழுக்காகத் தெரிகிறது. சாயம் போடாததில் அது தேன் நிறமாக இறங்கி, பிறகு தவிட்டு நிறமாகி, இடையிடையே மஞ்சள் தங்கி, ஏறக்குறைய அழுங்காமை நிறத்துக்கே வருகிறது. அதனால் இப்போது சாயத்தைக் குறைத்துவிட்டோம். வாங்குகிறவர்களிடம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறேன். பாதிப்பேர் வாங்காமல் போகிறார்கள். விலையும் கடைக் கிளிப்பைப்போல நாலைந்து மடங்கு. அதில் பெரும்பங்கு இழைக்கிற கைக்குப் போகாவிட்டால் இந்தத் தொழிலுக்கு அர்த்தமில்லை என்பது என் கணக்கு. வீட்டில் வேறு கணக்குச் சொல்கிறார்கள்.

சென்ற முறை நெடுந்தீவில் இருந்து திரும்பும்போது, சாயம் போடாத சிறிய கிளிப்பு ஒன்றை அக்காவின் சுளகில் விட்டுவிட்டு வந்தேன். அவர் தன் முடியை ஒரு றப்பர் பாண்டால்தான் கட்டுவார். மாதிரிக்கு வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். இந்த மாதம் போனபோது அது சுளகில் இருக்கவில்லை. அவருடைய தலையிலும் இருக்கவில்லை. நான் கேட்கவில்லை. சார்வோலை வெட்டித் தர ஆள் கிடைக்காததைப் பற்றித்தான் படகு வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.