கொசுத்தேனீயும் எங்கள் சுவரும்

கொசுத்தேனீ வளர்ப்பதில் என்ன வருமானம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வருமானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம் தேன் கிடைத்தாலே பெரிது. புளிப்பும் கலந்த அந்தத் தேனை மருந்தாகவே வைத்திருப்பார்கள்.

ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் நீளமே உள்ள இந்தக் கரிய தேனீ கொட்டாது. கூட்டைக் கலைத்தால் தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். 1854 இல் பிரடெரிக் ஸ்மித் இதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தது இலங்கையிலிருந்து சென்ற மாதிரிகளைக் கொண்டே.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு கூடு இருந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாங்களும் நடந்தோம். நடக்க இயலாத முதியவர்கள் சிலர் ஊரிலேயே தங்கிவிட்டனர். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. சுவரின் பிசின் குழாய் வழியே தேனீக்கள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன.

பின்னாளில் இவற்றைப் பற்றிப் படித்தேன். மலைத்தேனீக்கள் இடர் வந்தால் கூட்டை விட்டு அகன்றுவிடும். கொசுத்தேனீக்கு அது இயலாது. முட்டையிடத் தொடங்கிய ராணி வயிறு பருத்துப் பறக்க முடியாதவளாகிவிடுகிறாள். கூடு பிரியும்போது இளைய ராணியே வெளியேறுவாள். தாய் பழைய வீட்டிலேயே இருப்பாள். அதற்கும் முன்பாகவே வேலைக்காரத் தேனீக்கள் புது இடம் பார்த்து, தாய்க்கூட்டிலிருந்து பிசினும் உணவும் சுமந்து சென்று சேர்த்துவிடுகின்றன. எங்களுக்கு அந்த அவகாசம் தரப்படவில்லை.

கடந்த ஆண்டு அந்தச் சுவரை இடிக்க வேண்டி வந்தது. “மருந்தடிச்சுப்போட்டு இடிப்பம், ஐயா” என்றார் மேசன். நான் இணங்கவில்லை. கல் கல்லாகப் பெயர்த்து, குஞ்சறைகளை ராணியோடு ஒரு மண்முட்டிக்குள் மாற்றினோம். உடைந்த தேன்குடங்களை வைக்கவில்லை; கசிந்த தேனுக்கு எறும்பு வந்துவிடும். பழைய வாசற்குழாயை முட்டியின் துளையில் ஒட்டி, முன்பிருந்த இடத்திலேயே அதே உயரத்தில் கட்டினோம். வெளியே போயிருந்த தேனீக்கள் சற்று நேரம் தடுமாறின. பொழுதுபடுமுன் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன.

இன்று அந்த முட்டி தாழ்வாரத்தில் தொங்குகிறது. முருங்கைப் பூவுக்கும் துளசிக்கும் அவை போய்வருகின்றன. பழைய வீடுகளைத் திருத்துகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுவரில் பிசின் குழாயொன்று நீட்டிக்கொண்டிருந்தால் சீமெந்து பூசி மூடிவிடாதீர்கள். உள்ளே இருப்பவளால் வேறெங்கும் போக முடியாது.